ஆட்டுக்கொட்டிலில் விழுந்த ஷெல்

வடை சுடுறதோ விடுறதோ எண்டு காலமை தொடக்கம் அடுப்படியில யோசிச்சுக்கொண்டு நிக்கிறன். பொலிஸ்காரர் வீட்டுக்கு வாறார். கள்ளனைப் பிடிக்க இல்லை, என்ர பிள்ளையைப் பற்றி விசாரிக்க. வீடு தேடி வாற மனிசனுக்கு வெறும் தண்ணியைக் குடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது. வடையை நீட்டினால் லஞ்சம் குடுக்கிறாள் எண்டு நினைச்சுப்போடுவாரோ எண்டும் யோசனை. வீட்டுக்காரர், இவரைக் கேட்டன். "அடியே கொறற்றி, பருப்பு வடைக்கெல்லாம் எவனும் கேஸ் போட மாட்டான்டி. போட்டா திருச்சியில ஒரு டீக்கடை மிஞ்சாது" எண்டுபோட்டு பால் வாங்கப் போயிட்டார். இவருக்கு எல்லாம் பகிடி. பருப்பு ஊறிப்போச்சு, ஊறின பருப்பைத் திருப்பிக் காய வைக்கிறதே? அரைச்சாச்சு. வெங்காயமும் வெட்டியாச்சு. கண் எரியுது, வெங்காயத்தால எண்டு வச்சுக்கொள்ளுவம். பொலிஸ்காரர் வந்து இருந்து, பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, எவ்வளவு காலமா இந்த வீட்டில எண்டு கேட்டு, கடைசியா என்னைப் பார்த்து, அம்மா எந்த ஊரு எண்டு கேப்பார். கேப்பார் தானே. பிள்ளை வேலைக்குப் போகப் போறது ராணுவத்துக்குச் சாமான் செய்யிற கொம்பனி, விசாரிக்காமல் சும்மா விடுவாங்களோ. அதுக்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழியை இவர் நேற்றே சொல்லித் தந்திட்டார். "திருச்சின்னு சொல்லிரு. இத்தன வருசமா இங்கதான இருக்க, பொய்யாவா சொல்ற?" பொய் இல்லைத் தான். உண்மையும் இல்லை. நான் பிறந்தது மன்னாரில, பேசாலையில, கடலுக்கு அந்தப் பக்கம். பத்து வயசில வள்ளத்தில வந்து இறங்கினது, மண்டபம் அகதி முகாம், பிறகு திருச்சி முகாம், பிறகு இவர். வெளியில என்ர வாய் திருச்சி வாய். பஸ்ஸில, கடையில, கோயிலில நான் கதைக்கிறதைக் கேட்டு ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம். மனசுக்குள்ள மட்டும் இப்பிடித்தான், பேசாலைத் தமிழில ஓடிக்கொண்டிருக்கும். அதுக்குள்ள வந்து ஒருத்தரும் விசாரணை வைக்கேல்ல இவ்வளவு காலமும். இண்டைக்கு வைக்கப் போகினம் போல.

பிள்ளைக்கு வேலை கிடைச்சது துவாக்குடிப் பக்கம் ஒரு கொம்பனியில. முந்தி அங்க பொயிலருக்குக் குழாய் வளைச்சவை. இவரும் அங்க தான் வெல்டரா இருந்தவர். பிறகு ஓடர் நிண்டு போச்சு. அந்த ரோட்டில ஒவ்வொரு கேற்றா பூட்டு விழுந்தது. இவர் வீடு வீடா ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டு திரிஞ்சார். "பாய்லர் ஒட்டின கையி, இப்ப கோழிக்கூண்டு ஒட்டுது பாரு" எண்டு சிரிப்பார், சிரிச்சுப்போட்டு அரைச் சாப்பாட்டில எழும்பிப் போவார். இப்ப என்னடா எண்டால் அதே ரோட்டில இரவும் பகலும் லைற் எரியுது. ஓட்டோவில மைக் கட்டிக்கொண்டு ஆள் தேவை, ஆள் தேவை எண்டு தெருத்தெருவா வாறாங்கள். டிப்ளமா படிச்ச பெடியள், ஐடிஐ பெடியள், பொம்பிளைப் பிள்ளையள், ஆரெண்டும் இல்லை. முன் வீட்டு மெகருன்னிசா அக்காவின்ர மருமகன் மளிகைக் கடையை மூடிப்போட்டு அங்க ஸ்டோரில போய்ச் சேர்ந்திட்டான். எங்கட முக்கில கொம்பனி பஸ் வந்து நிண்டு ஹோர்ன் அடிக்கிற நேரம் தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கும், டிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டு ஓடுங்கள் பிள்ளையள். "உலகத்துல எவனோ எவன்கூடயோ மல்லுக்கு நிக்கிறான், நம்ம துவாக்குடியில ஷிஃப்ட் கூடுது" எண்டு இவர் ரீவியைப் பார்த்துச் சொல்லுவார். எல்லா நாடும் ஆயுதத்துக்குக் காசைக் கொட்டுதாம். எங்கட நாடும் செய்யுதாம், விக்குதாம். எங்கட நாடு. பார், எங்கட எண்டு தான் வருது வாயில. வரட்டும். இவரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கினம். அண்டைக்கு இவர் பழைய வெல்டிங் கண்ணாடியை எடுத்துத் துடைச்சு, வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்து, எனக்கும் போட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி வீட்டைச் சுத்தி வந்தார். இந்த மனிசன் அப்பிடிச் சிரிச்சு நான் கன காலம் காணேல்ல. அதைக் கண்ட பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது. இவர் அங்க என்ன ஒட்டப் போறார் எண்டும் கேட்டன், ரேக்கு, ஸ்டாண்டு எண்டார், அதோட விட்டிட்டன். பிள்ளையிட்ட விடாமல் கேட்டன். கேட்டிருக்கக் கூடாது.

ஜெனி எனக்கு ஒண்டே ஒண்டு. மெக்கானிக்கல் படிச்சவள், வேலை இல்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஒரு துணிக்கடையில பில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்க நாள் முழுக்க நிக்க வேணும், இருந்தால் மேனேஜர் கத்துவானாம். வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி என்ர மடியில போடுவாள். நான் நல்லெண்ணெய் தேய்ச்சு விட விட அப்பிடியே நித்திரையாப் போயிடுவாள், சாப்பாடும் இல்லை ஒண்டும் இல்லை. இந்தக் கொம்பனி இன்டர்வியூவுக்குப் போட்டு வந்த அண்டைக்கு வாசலில செருப்பைக் கழட்ட முதலே கத்தினாள், "அம்மா, ஸ்டூல் இருக்கும்மா! உக்காந்துக்கிட்டே பாக்கலாம்!" சம்பளம் சொல்லேல்ல, பஸ் சொல்லேல்ல. ஸ்டூல். எனக்கு நெஞ்சு உருகிப்போச்சு. என்ன வேலையடி எண்டு கேட்டன். நான் தேத்தண்ணி குடிக்கிற டம்ளரை எடுத்து மேசையில வச்சாள். "இது ஷெல்லுன்னு வச்சுக்க. பீரங்கியில போட்டுச் சுடுவாங்கல்ல, அது." முதலில அதுக்குச் சிவப்பு மருந்து பூசுவினமாம். பிறகு வடிவாத் துடைச்சுப்போட்டு, மேல வெள்ளையா மா மாதிரி ஒண்டை அடிப்பினமாம். இரும்பில எங்கயாவது மயிரளவு வெடிப்பு இருந்தால், அதுக்குள்ள போய் ஒளிச்சிருக்கிற சிவப்பு வெளியில கசிஞ்சு கோடாத் தெரியுமாம். கோடு தெரிஞ்சால் தள்ளி வைக்கிறது, தெரியாட்டி அடுத்த இடத்துக்கு அனுப்புறது. "கண்ணுதாம்மா வேணும். டெஸ்ட் வச்சாங்க, நான் ஒண்ணக்கூட விடல, எல்லாத்தையும் புடிச்சுட்டேன்!" எண்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அந்த டம்ளரில அதுக்குப் பிறகு நான் தேத்தண்ணி குடிக்கேல்ல.

எனக்கு ஷெல் எண்டால் சத்தம். முதலில தூரத்தில குத்துற சத்தம், ஆரோ உலக்கை போடுற மாதிரி. பிறகு ஒண்டும் இல்லாத ஒரு நேரம். அந்த ஒண்டும் இல்லாத நேரம் தான் பொல்லாதது. எங்க வரும், ஆருக்கு வரும் எண்டு தெரியாது. அம்மா எங்களைப் பங்கருக்குள்ள தள்ளுவா. பங்கர் எண்டால் வீட்டுக்குப் பின்னால ஒரு குழி, மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டது. குப்புறப் படு, நெஞ்சு நிலத்தில முட்டாமல் முழங்கையை ஊண்டு, வாயில துணியைக் கடி. கடிக்காட்டி அதிர்ச்சியில நாக்கைத் துண்டாக் கடிச்சுப்போடுவம் எண்டு சொல்லுவா. அவவின்ர சீலைத் தலைப்பில ஒரு பக்கம் எனக்கு, மற்றப் பக்கம் தம்பி றெஜிக்கு. சவுக்கார வாசமும் மீன் வாசமும். இப்பவும் குக்கர் விசில் அடிக்க முதல் உஸ் எண்டு ஏறுற நேரத்தில என்ர சீலைத் தலைப்பு தன்ர பாட்டில வாய்க்குப் போயிடும். ஜெனி சின்னனில அதைக் கண்டுபோட்டு, அம்மா துணி சாப்பிடுது எண்டு கை தட்டிச் சிரிச்சவள். சிரிக்கட்டும், அவளுக்கு அது பகிடியா இருக்க வேணும் எண்டு தானே கடலைத் தாண்டினது. அண்டைக்கு ஷெல் விழுந்தது எங்கட ஆட்டுக்கொட்டிலில. பங்கரில இருந்து கையை நீட்டினால் கொட்டில் தட்டி முட்டும், அவ்வளவு கிட்ட. கூரையைப் பிய்ச்சுக்கொண்டு வந்த சத்தம் கேட்டது, மண் அதிர்ந்தது. நாங்கள் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு கிடக்கிறம். வெடிக்கேல்ல. இன்னும் வெடிக்கேல்ல. பிறகு கேட்டது ஆடு கத்தின சத்தம். அம்மா மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தா. மணலுக்குள்ள அரைவாசி புதைஞ்சு நிக்கிற அந்தச் சனியனை எங்கட சினை ஆடு மூக்கை நீட்டி மணந்து பார்த்துக்கொண்டு நிக்குது. அம்மா அழுதுகொண்டே சிரிச்சா. அந்தக் கிழமையே எங்களைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறிட்டா. றெஜி இப்ப ஈரோட்டில பெயின்ற் அடிக்கிறான், தினம் காலமை வாட்ஸப்பில எனக்குப் பூப்படம் அனுப்புறான்.

எங்கட ஊர்ப் பக்கத்து மடுக் கோயில் மாதா தான் காப்பாத்தினவ எண்டு அம்மா சாகும் மட்டும் சொன்னா. இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் சின்னனில இருந்தே எனக்குள்ள இன்னொரு யோசனையும் ஓடும். அந்த ஷெல்லை எங்கயோ ஒரு இடத்தில ஆரோ செய்திருப்பினம். செய்த பிறகு ஆரோ சரி பார்த்திருப்பினம். பார்த்த ஆளுக்கு அண்டைக்கு என்னவோ. பிள்ளைக்குக் காய்ச்சலோ, மனிசனோட சண்டையோ, இரவெல்லாம் நித்திரை இல்லையோ, கண்ணயர்ந்து சரி எண்டு விட்டிட்டுது. எனக்கு அது ஒரு பொம்பிளை எண்டு தான் தோணும். எந்த நாடு, என்ன பாசை, ஒண்டும் தெரியாது. தான் செய்தது என்ன எண்டு அவளுக்கும் தெரியாது. அவளால தான் நான் இருக்கிறன், றெஜி இருக்கிறான், என்ர ஜெனி இருக்கிறாள். வருசா வருசம் கோயில் கொடியேற்றத்தண்டைக்கு அவளுக்கெண்டு ஒரு மெழுகுதிரி கூடுதலா வாங்கிக் கொளுத்துறன். "இது யாருக்குடி?" எண்டு இவர் கேப்பார். தெரிஞ்சவங்களுக்கு எண்டுவன். அப்ப, ஒண்ணக்கூட விடல எண்டு என்ர பிள்ளை குதிச்சுக்கொண்டு சொல்லுற நேரம், எனக்கு அந்தப் பொம்பிளை தான் ஞாபகத்துக்கு வந்தாள். காட்டிக்கொள்ளாமல் கேட்டன், "ஏன்டி, சில ஷெல்லு விழுந்தும் வெடிக்காமப் போகுமாமே, அது எதுனால?" அவள் சொன்னாள், "அது ஃபியூஸ்மா. முனையில மூடி மாதிரி இருக்கும், அதுதான் வெடிக்க வைக்கும். அதை நாங்க செய்யல, வேற எங்கயோ செய்வாங்க. எங்களது வெறும் கூடுதான்." கூட்டில வெடிப்பு இருந்தால் என்னவாம் எண்டு கேட்டன். "ஐயோ, அதுதாம்மா டேஞ்சரு. பீரங்கிக்குள்ளயே வெடிச்சுரும், சுடுற ஆளு காலி. அவரும் ஒரு அம்மா பெத்த புள்ளதானே? தப்பான எடத்துல வெடிக்கக் கூடாதுன்னுதான் நான் பாக்குறேன்." தப்பான இடம். அப்ப சரியான இடம் எண்டு ஒண்டு இருக்கோ? கேக்கேல்ல. சரியான இடம் எது, ஆட்டுக்கொட்டிலோ? ஆனால் பார், சுடுறவனையும் ஒரு தாய் பெத்தவள் எண்டு அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, தானா வந்துது அந்தச் சொல்லு. என்ர பிள்ளை நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை தான். சரியான இடம் எது?

எண்ணெய் காய்ஞ்சிட்டுது. முதல் வடையைத் தட்டிப் போட்டன், மிதந்து வருது. மாதாவே, நீ மட்டும் கேள், ஒரு உண்மை சொல்லுறன். நான் மன்னார் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போடுவன், பிள்ளையின்ர வேலை போயிடும் எண்டு எனக்குப் பயம் எண்டு இவர் நினைக்கிறார். ஓம், பயம் தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ள இன்னொண்டு ஒளிச்சிருக்கு, ஜெனி சொன்ன சிவப்பு மருந்து மாதிரி. ஒரு சொல்லுப் போதும். மன்னார். சொன்னால் அதோட முடிஞ்சுது. நான் பொய் சொன்னனோ? இல்லை. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லேலாது. என்ர பிள்ளை ஷெல்லைத் தொடாமல் இருப்பாள், நானும் அந்த டம்ளரில திரும்பத் தேத்தண்ணி குடிப்பன். அது உண்மை சொல்லுறதோ, பெத்த பிள்ளையின்ர வயித்தில அடிக்கிறதோ? திரும்பவும் துணிக்கடை. திரும்பவும் அந்த வீங்கின கால். ஸ்டூல் இருக்கும்மா எண்டு சொன்ன முகத்தை நான் பார்த்தனே. சீ, நானும் ஒரு தாயோ? சரி, திருச்சி எண்டே சொல்லுவம். சொன்னால் அவள் போவாள், உக்காந்துகொண்டு ஒவ்வொரு கூடாத் திருப்பிப் பார்ப்பாள், நல்ல கூடெல்லாம் கப்பலேறிப் போகும், எங்கயோ ஒரு ஆட்டுக்கொட்டில். ஐயோ, வடை கருகிப்போச்சு. எடுத்து இவருக்கு எண்டு தனியா வச்சன். கருகினது தான் எனக்குப் பிடிக்கும் எண்டு இவர் கன வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நல்லதை நானும் பிள்ளையும் சாப்பிட வேணும் எண்டு. இந்த மனிசனுக்குப் பொய் சொல்லவும் வடிவாத் தெரியாது.

"அம்மா, இந்த ஷாலுக்குப் பின்னு குத்தி விடு" எண்டு ஜெனி வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டாள். குளிச்ச ஈரம், பவுடர் வாசம். கழுத்துக்குப் பின்னால அந்த மச்சம், பிறந்த அண்டைக்கு நான் முதலில கண்டது அதைத் தான். பின் ஊசி வழுக்குது. "என்னம்மா, இன்னும் குத்தலயா?" எண்ணெய்ச் சூடு எண்டன். "எண்ணெய் சூட்டுல பின்னு வழுக்குமா? புது சயின்ஸா இருக்கே" எண்டு திரும்பி, என்ர கையைப் பிடிச்சு, மா அப்பின விரல் ஒவ்வொண்டையும் இஸ்திரி போட்ட தன்ர ஷாலில துடைச்சாள். அடியேய், ஷால் பாழாப்போகுதடி எண்டு கத்தினன். "போனாப் போகுது. அம்மா, அவரு வந்தா நீ ஒண்ணும் பேச வேணாம், நான் பேசிக்கிறேன், என்ன?" எண்டுபோட்டுப் போயிட்டாள். நீ ஒண்ணும் பேச வேணாம். ஓம், அவளுக்கும் பயம் இருக்கும் தானே. அம்மா வாயைத் திறந்தால் மன்னார் விழுந்துபோடும் எண்டு. பாவம் பிள்ளை, வெக்கமாவும் இருக்கும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில நான் ஒருநாள் ரீச்சருக்கு முன்னால ஆமாங்க எண்டுறதுக்குப் பதிலா ஓம் எண்டு சொல்லிப்போட்டன், பக்கத்தில நிண்ட பிள்ளையள் சிரிச்சுதுகள், இவள் என்ர சீலைக்குப் பின்னால போய் ஒளிச்சாள். அது சின்னப்பிள்ளை. எண்டாலும் நெஞ்சுக்குள்ள ஒரு முள்ளு. வடையைத் திருப்பிப் போட்டன், இந்த முறை பொன்னிறமா வந்துது.

மோட்டார்சைக்கிள் சத்தம் எங்கட வாசலில வந்து நிண்டுது. அடுப்பை நிப்பாட்டினது ஞாபகம் இருக்கு. பெட்டிக்கு அடியில கையை விட்டு அந்தப் பழைய முகாம் அட்டையை எடுத்தது ஞாபகம் இல்லை. பார்த்தால் நான் வாசலுக்கு வெளியில, சுவரோட ஒட்டி, காலைச் சேர்த்து வச்சுக்கொண்டு, அட்டையை நெஞ்சுக்கு நேர பிடிச்சபடி, வெயிலில நிக்கிறன். முகாமில அப்பிடித்தான். செக்கிங் எண்டு விசில் கேட்டால் அவரவர் கதவுக்கு முன்னால குடும்பத்தோட வந்து, அட்டையும் கையுமா நிக்க வேணும். நிக்காட்டிப் பேரை வெட்டிப்போடுவினம், அரிசி இல்லை, ஒண்டும் இல்லை. காய்ச்சலெண்டு கிடந்தாலும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்து நிப்பாட்டுவா. அந்த முகாமை விட்டு வந்து ஜெனியின்ர வயசுக்கு மேல ஆச்சு. வாய்க்குத் திருச்சி பழக்கினன், இந்தக் காலுக்கு ஒண்டையும் பழக்கேல்ல. இவர் பால் பாக்கட்டோட முக்கில வந்தவர், என்னைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டார். பொலிஸ்காரர் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். வயசான ஏட்டையா, நெஞ்சில துரைக்கண்ணு எண்டு பேர் குத்தியிருக்கு. தொப்பியைக் கழட்டித் தலையைத் துடைச்சுக்கொண்டு என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். சேர்த்து வச்ச காலைப் பார்த்தார்.

"முகாம்ல இருந்தீங்களாம்மா?"

"இல்ல சார், இல்ல சார்" எண்டு இவர் ஓடி வாறார். "இவ திருச்சிதான் சார், இங்கதான், பொன்மலை..."

"அப்பா, சும்மா இருங்க." ஜெனி வெளியில வந்தாள். வந்து எனக்குப் பக்கத்தில, அந்த வெயிலில, என்னைப் போலவே சுவரோட ஒட்டி நிண்டு என்ர கையைப் பிடிச்சாள். "எங்கம்மா மன்னார் சார். பேசாலைன்னு ஊரு. சின்ன வயசுல படகுல வந்தாங்க. அப்ளிகேஷன்லயே எழுதியிருக்கேன், இன்டர்வியூலயும் சொல்லிட்டேன்."

"ஏன்டி சொன்ன?" எண்டு இவர் தலையில கை வச்சார்.

"கேட்டாங்க, சொன்னேன். உள்ளதை உள்ளபடி பாத்து எழுதுற வேலைக்குப் போறேன்பா. பொய்ய எழுதிட்டா போறது?"

நேற்றில இருந்து நான் வாய்க்குள்ள போட்டு உருட்டிக்கொண்டிருந்த சொல்லு. விழுங்கவும் ஏலாமல், துப்பவும் ஏலாமல். அதை இவள் எப்பவோ, ஆரோ நாலு பெரிய ஆக்களுக்கு முன்னால இருந்துகொண்டு, சாதாரணமாச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாள், ஊர்ப் பேரோட. வேலையைக் குடுக்கிறதும் பறிக்கிறதும் என்ர நாக்கில இருக்கு எண்டு நான் விசரி, புத்தி கெட்டவள், நினைச்சுக்கொண்டு வடை கருக்கினன். ஒளிச்ச பிள்ளை இல்லை இது, என்னோட வெயிலில நிக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது. வெங்காயம் எண்டு சொல்ல இப்ப கையில வெங்காயமும் இல்லை. ஏட்டையா தொப்பியைக் கக்கத்தில வச்சுக்கொண்டு, "அதுக்கு எதுக்கும்மா வெயில்ல நிக்கிறீங்க? உங்க வீடுதானே இது. நீங்க உள்ள போங்க. நான்தான் உங்களக் கேட்டுக்கிட்டு உள்ள வரணும்" எண்டார். எண்டுபோட்டு உண்மையாவே படியில நிண்டு, வரலாமாம்மா எண்டு கேட்டார். சீருடை போட்ட ஒரு மனிசன் என்னட்டை அப்பிடிக் கேட்டது அது தான் முதல் தரம். வாங்கோ எண்டன். வாங்க எண்டு திருத்தேல்ல.

இருந்து, தண்ணி குடிச்சு, வடையை ஒரு கதையும் இல்லாமல் எடுத்துச் சாப்பிட்டார். மெகருன்னிசா அக்கா வந்து, இந்தப் புள்ள எங்க கையில வளந்த புள்ள சார் எண்டு அவர் கேக்க முதலே சாட்சி சொன்னா. ஜெனியிட்ட கேட்டதையெல்லாம் கேட்டு எழுதிப்போட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார், "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. பொறந்தது இங்க, படிச்சது இங்க, அப்பா இந்த ஊரு. உங்க ஊரையும் உள்ளபடி எழுதிட்டேன். மேல என்ன சொல்லுவாங்களோ, அது எனக்குத் தெரியாதும்மா. என் கையில இருக்கிறத நல்லபடியா அனுப்புறேன்." சரி எண்டன். எழும்பி வாசல் மட்டும் போனவர் திரும்பி நிண்டார். செருப்பை மாட்டுறார், கழட்டுறார், காதைச் சொறியிறார். "ஏம்மா" எண்டு ஜெனியைக் கூப்பிட்டார், "அங்க இன்னும் ஆள் எடுக்குறாங்களா? என் பொண்ணும் மெக்கானிக்கல்தான். படிச்சுட்டு வீட்லதான் இருக்கு." எங்கட இவர் விழுந்து விழுந்து உபசாரம், எடுக்கிறாங்க சார், அள்ளி அள்ளி எடுக்கிறாங்க சார் எண்டு. ஜெனி போன் நம்பர் எழுதிக் குடுத்து, "கண்ணு டெஸ்ட் இருக்கு அங்கிள், அவங்க கண்ணு எப்படி?" எண்டு கேட்டாள். "சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கும்மா" எண்டார், சரியான கவலையோட. "பரவால்ல அங்கிள், இந்தக் கம்பெனி இல்லன்னா வேற கம்பெனி. நெறைய பார்ட் இருக்கு, எல்லா எடத்துலயும் ஆள் எடுக்குறாங்க." வண்டி போற சத்தம் முக்கு மட்டும் கேட்டது.

உள்ள வந்து ஜெனி என்ர முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சாள். "பேசாம இருன்னு சொன்னது, வாயத் தொறந்தா நீ அழுதுருவன்னுதான். வாயத் தொறக்காமலே அழுதுட்ட." எண்டுபோட்டு இவரின்ர தட்டில இருந்து கருகின வடையைக் களவெடுத்துக்கொண்டு ஓடினாள், இவர் பின்னால துரத்திக்கொண்டு போறார். வீடு முழுக்கச் சத்தம். வேலை வருமோ வராதோ இன்னும் தெரியாது. வரட்டும். அவள் உள்ளதைச் சொல்லிக் கேட்ட வேலை, வந்தால் அது அவளுக்கு உரியது, நான் இனி அதுக்குக் குறுக்க நிக்க மாட்டன், மனசுக்குள்ளயும் நிக்க மாட்டன். கொடியேற்றத்துக்கு இன்னும் கன நாள் கிடக்கு. எண்டாலும் மாதா படத்துக்கு முன்னால ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினன். மாதாவே, என்ர பிள்ளையின்ர கண்ணுக்கு ஒரு வெடிப்பும் தப்பக் கூடாது. சுடுற பெடியனும் ஒரு தாய் பெத்த பிள்ளை, அவள் சொன்னது சரி. அவளுக்கு ஒரு கெட்ட பேர் வரக் கூடாது, கால் வீங்கக் கூடாது, அந்த ஸ்டூல் ஆடாமல் இருக்க வேணும். ஆனால் வெடிக்க வைக்கிற அந்த முனை, ஃபியூஸ், அதைச் செய்யிற இடம் ஒண்டு இருக்காம், எங்கயோ. அங்கயும் இப்ப அள்ளி அள்ளி ஆள் எடுப்பாங்கள் தானே. அங்க ஒரு பிள்ளை புதுசாப் போய் இருப்பாள். அவளுக்கு மட்டும் இடைக்கிடை கொஞ்சம் கண்ணயரட்டும், மாதாவே. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பிள்ளையா இருந்தால் இன்னும் நல்லது.

"கொடியேத்தம் கூட இல்லியே, இன்னிக்கு யாருக்கும்மா மெழுகுவத்தி?" எண்டு அடுப்படியில இருந்து ஜெனி கேட்டாள், வாய் நிறைய வடையோட.

"உன்னைப் போல ஒரு பிள்ளைக்கு" எண்டன், வாய் திறந்து, பேசாலைத் தமிழிலயே. "ஆர் எண்டு தெரியாது."